பதினோரு பேரில் ஒருத்தி

வெள்ளிக்கிழமை என்றால் மோனிகாவுக்குக் கோயில் ஞாபகம் வராது. திருத்தணியில் பிறந்துவிட்டு இப்படிச் சொன்னால் கேட்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். ஆனால் அவளுக்கு வெள்ளி என்பது, உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற சின்னச் சின்ன இசைக்குழுக்கள் தங்கள் புதுப் பாட்டுகளை இணையத்தில் ஏற்றுகிற நாள். பெரிய கம்பெனி கிடையாது, சினிமா கிடையாது. யாரோ மூன்று பேர், யார் வீட்டிலோ ஒரு கார் ஷெட், இரண்டு கிட்டார். அவ்வளவுதான்.

அந்த மாதிரிப் பாட்டுக்குப் பவர் பாப் என்று ஒரு பெயர் இருப்பதே அவளுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. ராக் பாட்டின் முரட்டுக் கிட்டாரும், ஒரு தடவை கேட்டால் பல் தேய்க்கும்போதுகூட வாயில் வந்து நிற்கிற மெட்டும் ஒன்றாகச் சேர்ந்தது. மூன்று நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அழுகையைக்கூட ஓடிக்கொண்டேதான் சொல்லும். பைபாஸ் ரோட்டில் இருந்த பேனர் கடையில், மணமகன் முகத்தை வெளுப்பாக்கி, மணமகள் பக்கத்தில் மயிலை நிறுத்தி, வாழ்த்தும் நெஞ்சங்களின் தலைகளை வரிசையாக ஒட்டிக்கொண்டே நாள் முழுவதும் அவள் காதில் அதுதான் ஓடும். கடை முதலாளி தணிகைவேலுக்கு அவள் மேல் இருந்த ஒரே குறை, மூன்று தடவை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கிறாள் என்பது.

கேட்டதோடு விடுகிறவள் இல்லை அவள். இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருந்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தனக்குப் பிடித்த புதுப் பாட்டுகளைப் பற்றி நாலு நாலு வரி தமிழில் எழுதுவாள். படிக்கிறவர்கள் அதிகம் இல்லை. ஒரு முறை பின்லாந்தில் ஏதோ ஒரு குழு அதை மெஷின் வைத்து மொழிபெயர்த்துப் படித்துவிட்டு நன்றி சொல்லி எழுதியது. அன்றைக்குப் பெண்ணின் தலையில் மயிலையும் மயிலின் தலையில் கிரீடத்தையும் வைத்து ஒரு பேனரையே பாழாக்கினாள். நல்ல பாட்டைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான், பிடித்திருக்கிறது என்று அதைப் போட்டவர்களிடம் சொல்லிவிடுவது மீதி வேலை என்பது அவள் கட்சி. சொல்லாமல் போவது, சாப்பிட்டுவிட்டு இலையை அப்படியே விட்டு எழுந்து போவது மாதிரி.

ஊர் ஊராக அலைந்த அந்தக் காதில், ஒரு வெள்ளிக்கிழமை தமிழ் விழுந்தது. குழுவின் பெயர் 'கரெண்ட் வந்தாச்சு'. ஆள் படம் இல்லை, ஊர் இல்லை, ஒரு பழைய சுவிட்ச் போர்டின் படம் மட்டும். பாட்டின் பெயர் 'ரெண்டாம் நம்பர் மேடை'. ரயிலுக்குக் காத்திருக்கிற ஒருவனின் பாட்டு.

நிக்கிற வண்டி போகல,
போற வண்டி நிக்கல,
நடுவுல நான் ஒருத்தன்
டிக்கெட்டோட நிக்கிறேன்.

ஒரு இளைஞன் குரல். 'டிக்கெட்டோட' என்று அவன் சொல்லுகிற இடத்தில் மட்டும், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பெண் குரல் மேலே ஏறி வந்து அவன் கையைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஒரு இடத்துக்காக மோனிகா அதைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அடியில் ஒரு டிரம்ஸ் விடாமல் தடதடத்துக்கொண்டே இருந்தது. அப்படி ஒரு டிரம்ஸை அவள் எந்த நாட்டுக் குழுவிலும் கேட்டதில்லை. அந்த வாரம் தன் பக்கத்தில் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதினாள். ஒரு நொடிகூடச் சலிக்காத கை, மனிதக் கை என்றே நம்ப முடியவில்லை, யார் அந்த டிரம்மர் என்று தெரிந்தால் காலில் விழலாம் என்றெல்லாம். எழுதியதை அந்தக் குழுவின் பாட்டுக்கு அடியிலும் ஒட்டிவிட்டு வந்தாள்.

பதில் வரவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் மூன்று தடவை விசாரித்து எழுதினாள். அதற்கும் இல்லை. பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் போய்ப் பார்த்தால் சுவிட்ச் போர்டுக்குக் கீழே இரண்டே வரி.

'ஞாயிறு ராத்திரி இந்தப் பக்கத்தை மூடறோம். கேட்ட பதினோரு பேருக்கும் நன்றி.'

மோனிகா அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தை மூடினால் பாட்டும் போய்விடும். யார், எந்த ஊர் என்று தெரியாமல் யாரிடம் போய், வேண்டாம் என்று சொல்வது? காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி எறிந்துவிட்டு, பாட்டைக் கடை ஸ்பீக்கரில் போட்டாள். இருக்கிற வரைக்குமாவது சத்தமாக இருக்கட்டும் என்று.

தரையில் உட்கார்ந்து பேனருக்கு வளையம் அடித்துக்கொண்டிருந்த கவிதா சுத்தியலை நிறுத்தினாள். பொதட்டூர்பேட்டையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள் அவள். மோனிகா போடுகிற பாட்டு எதுவும் அவளுக்குப் பிடித்ததில்லை. தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி இருக்கிறது என்பாள்.

"யாருக்கா இது, தறி ஓட்டிக்கினே பாடறது?" என்றாள்.

"தறியா? அது டிரம்ஸ்."

"இன்னா டிரம்ஸு? எங்க தெருவுல பொறந்த கொழந்தைக்குக்கூடத் தெரியும். பவர் லூம் அது. ரெண்டு மூணு ஓடுது பாரு. எங்க ஊருத் தறிச் சத்தமேதான்."

மோனிகா மறுபடி கேட்டாள். ஒரு தடவை தறி என்று சொன்ன பிறகு அது வேறு எதுவாகவும் கேட்க மறுத்தது. காலில் விழுகிறேன் என்று எழுதியது ஒரு இயந்திரத்தின் காலில். வெட்கம் வந்தது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. தறி என்றால் ஊர். ஊர் என்றால் தெரு. நாளைக்கு ஞாயிறு, கடை லீவு. ராத்திரிக்குள் ஒரு பகல் முழுசாக இருக்கிறது.

பொதட்டூர்பேட்டையில் வீட்டுக்கு வீடு தறிதான், எங்கே என்று தேடுவாய் என்று கவிதா கேட்டாள். தறி வீட்டுக்கு வீடு இருக்கும், கிட்டார் வீட்டுக்கு வீடு இருக்காதே என்றாள் மோனிகா. தவிர, ரயிலைப் பற்றி இவ்வளவு ஏக்கமாகப் பாடுகிறவன் ரயிலே வராத ஊரில்தான் இருப்பான். சரி, நாளைக்கு வா, நானும் கூட வருகிறேன் என்றாள் கவிதா. வரும்போது நல்ல சுடிதாராகப் போட்டுக்கொண்டு வா என்றும் சொன்னாள். அந்தச் சுடிதார்தான் வினையாகப் போகிறது என்று அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது.

மறுநாள் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கினபோது, ஞாயிறு என்றும் பார்க்காமல் தெருவெல்லாம் தடதடத்துக்கொண்டிருந்தது. கவிதாவின் வீடு ஊருக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கத்துத் தெருக்களுக்கு எல்லாம் வேதாசலம் டீக்கடைதான் தகவல் நிலையம் என்று சொல்லி அங்கே கூட்டிக்கொண்டு போனாள். டீ சொல்லிவிட்டு, இந்தப் பக்கம் கிட்டார் வாசித்துக்கொண்டு பாட்டெல்லாம் பாடுகிற பையன் யாராவது உண்டா என்று கேட்டாள்.

வேதாசலம் கவிதாவைப் பார்த்தார். பிறகு மோனிகாவின் சுடிதாரைப் பார்த்தார். எந்த ஊரிலிருந்து வருகிறார்கள் என்று கேட்டார். திருத்தணி என்று தெரிந்ததும் கிளாஸை இன்னொரு தடவை கழுவினார்.

"கிட்டாரா? அந்த மாதிரிப் பசங்க இங்க யாரும் கிடையாதும்மா. நம்ம சுலோச்சனா பையன் ஆகாஷையே எடுத்துக்கங்க. தங்கம். கிட்டாரைக் கையால தொட்டது கிடையாது."

டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். வெளியே வந்ததும், நாம் ஆகாஷ் என்று பேரே சொல்லவில்லையே என்றாள் கவிதா.

குழாயடியில் ஒரு அம்மாளிடம் ஆகாஷ் வீடு எது என்று கேட்டார்கள். வீட்டைக் காட்டுவதற்கு முன்னால் அந்த அம்மாள் பையனின் ஒழுக்கத்தைக் காட்டினாள். தறியுண்டு தானுண்டு என்று இருப்பான், பீடி சிகரெட் கிடையாது, அந்த டொய்ங் டொய்ங்கெல்லாம் விட்டு ரொம்ப நாளாச்சு. எது டொய்ங் டொய்ங் என்று மோனிகா கேட்டதும், குடம் நிறைந்துவிட்டது என்று போய்விட்டாள். குடம் பாதிதான் நிறைந்திருந்தது. எதிர்த் திண்டில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தவர், யாரும் கேட்காமலே, ஆகாஷுக்குப் பாட்டு என்றாலே ஆகாது என்றார். இதற்குள் வேதாசலம் மொபெட்டில் அவர்களைத் தாண்டி வேகமாகப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தபோது அவர் மடியில், கட்டம் போட்ட லுங்கித் துணியில் சுற்றின நீளமான மூட்டை ஒன்று இருந்தது. அவர்களைப் பார்க்காதது மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டு போனார்.

கவிதா நின்றுவிட்டாள். "அக்கா, நம்மள பொண்ணு வீட்டுக்காரங்கன்னு நெனச்சுக்கினாங்க."

பேச்சு ஆரம்பிப்பதற்கு முன்னால் பெண் வீட்டில் இரண்டு பொம்பளைகள் சும்மா வருகிற மாதிரி வந்து தெருவில் பையனைப் பற்றி விசாரித்துவிட்டுப் போவது இங்கே வழக்கம் என்று விளக்கினாள். போன வருஷம் தன் பெரியப்பா பெண்ணுக்காகத் தானே இப்படி வந்ததாகவும், அதே கடையில் டீ குடித்ததாகவும், அப்போதும் காசு வாங்கவில்லை என்றும் இப்போதுதான் ஞாபகம் வந்தது அவளுக்கு. தெருக்காரன் எவனும் தெருப்பையனின் சம்பந்தத்தைக் கெடுக்க மாட்டான். கிட்டார் என்று கேட்டால் குடிப்பானா என்று கேட்ட மாதிரிதான் எடுத்துக்கொள்வார்கள். அசிங்கமாகப் போய்விடும், இப்படியே பஸ் ஏறிவிடலாம் என்றாள்.

மோனிகாவுக்கும் கால் கொஞ்சம் பின்வாங்கத்தான் செய்தது. ஆனால் இத்தனை பேர் சேர்ந்து ஒரு கிட்டாரை மறைக்கிறார்கள் என்றால் அங்கே கிட்டார் இருக்கிறது. "பாட்டு இருக்கிற வீடு தெரிஞ்சுபோச்சு. இப்ப திரும்பினா ராத்திரி எனக்குத் தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

வாசலில் சுலோச்சனா தலையில் புதுப் பூவோடு தற்செயலாக நின்றுகொண்டிருந்தாள். தற்செயலாகவே இரண்டு நாற்காலிகள் துடைத்துப் போடப்பட்டிருந்தன. தற்செயலாக மிக்சரும் காபியும் வந்தன. வீட்டுக்காரர் தேசப்பன் நூல் எடுக்க நகரிக்குப் போயிருப்பதாகவும், இருந்திருந்தால் பேச வசதியாக இருந்திருக்கும் என்றும் சொன்னாள். பிறகு மகனைக் கூப்பிட்டாள். மடிப்புக் கலையாத சட்டையும் ஈரத் தலையுமாக ஆகாஷ் வந்து சுவரோரம் நின்றான்.

வீட்டின் இரண்டாம் கட்டில்தான் தறிகள். மோனிகாவின் முதுகுக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், அவள் இத்தனை வாரமாகக் காதுக்குள் வைத்திருந்த டிரம்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. அதே வேகம். அதே விடாப்பிடி. காபி டம்ளர்கூட லேசாக நடுங்கியது.

நீங்கள் பாடுவீர்களாமே என்று அவனைக் கேட்டாள். அவன் அம்மாவைப் பார்த்தான். "இல்லீங்க" என்றான். கிட்டார்? அதுவும் இல்லீங்க.

அப்போது உள்ளே ஏதோ ஒரு தறியின் சத்தம் மாறியது. சுலோச்சனா உட்கார்ந்த இடத்திலிருந்தே அத்தனை தடதடப்புக்கும் மேலே குரலைத் தூக்கி, "மூணாவதை நிறுத்து, இழை அறுந்துகினு இருக்குது" என்று தறி பார்த்துக்கொண்டிருந்த வேலைக்காரப் பெண்ணுக்குச் சொன்னாள்.

மோனிகா நிமிர்ந்து உட்கார்ந்தாள். சத்தத்தின் மேல் ஏறி, விழாமல் நடந்து போகிற அந்தக் குரல். டிக்கெட்டோட. கையைப் பிடித்துக்கொள்கிற அந்தக் குரல் இந்த அம்மாளுடையது.

இனி ஒரு வாய் மிக்சர் சாப்பிட்டாலும் அது திருட்டு என்று தோன்றியது. டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அம்மா, நான் பொண்ணு வீட்டிலேருந்து வரலீங்க. இவர் பாட்டைக் கேட்ட பதினோரு பேர்ல நான் ஒருத்தி. இன்னைக்கு ராத்திரி அதை மூடப்போறாங்க. மூட வேணாம்னு சொல்லத்தான் வந்தேன்."

சுலோச்சனா திரும்பி மகனைப் பார்த்து, எந்தப் பாட்டு என்று கேட்டாள். அவன் தரையைப் பார்த்தான். மாப்பிள்ளை பார்க்க வரவில்லையா என்று கவிதாவிடம் கேட்டாள். இல்லை அத்தை என்று கவிதா முனகினாள். சுலோச்சனா எழுந்து மிக்சர் தட்டை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டாள். தெருவே வேடிக்கை பார்த்துவிட்டது, நாளைக்கு என்ன சொல்வேன் என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

ஆகாஷ் அவர்களை வாசல்வரை கொண்டுவந்து விட்டான். அங்கே வந்ததும் தணிந்த குரலில், மூடுவதுதான் நல்லது என்றான். கேட்டது பதினோரு பேர்தான், அது பரவாயில்லை. ஆனால் அதில் ஒருவர் டிரம்ஸைப் பற்றி எழுதியிருந்தார்.

"எங்ககிட்ட டிரம்ஸே கிடையாதுங்க. தறியை நிறுத்தினா கூலி போயிடும், அதான் ஓடும்போதே பாடிப் பதிவு பண்ணேன். அந்தச் சத்தத்தை எடுக்க என்னென்னவோ பண்ணியும் முடியல. அதைப் போய் டிரம்மர் கால்ல விழறேன், சலிக்காத கைன்னு... எவ்வளோ அழகாக் கிண்டல் பண்றாங்க பாருங்க. விடாம மூணு வாட்டி வேற கேட்டாங்க, அதான் மூடிடலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

மோனிகாவுக்கு அப்போதுதான் புரிந்தது. நன்றி சொல்லாமல் போகக் கூடாது என்று எழுதிய வரிகள்தான் இந்தப் பாட்டைக் கொல்லப் பார்த்திருக்கின்றன.

"அது நான்தாங்க எழுதினேன். கிண்டல் இல்ல. நெஜமாவே டிரம்ஸுன்னு நெனச்சேன்."

அவன் நம்பவில்லை. தறி தெரியாமல் ஒருத்தி இருக்க முடியும் என்பதே அவனுக்குப் பிடிபடவில்லை. நம்பவைத்தது கவிதாதான். அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள்.

"சத்தியமா சொல்றேன். நேத்து நான் சொல்ற வரைக்கும் இதுக்குத் தெரியாது. கடையில என்கூட சண்டைக்கு வந்துச்சு, டிரம்ஸு டிரம்ஸுன்னு."

"தறியையா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. சுலோச்சனா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். கோபம் முகத்தில் இருந்தது, ஆனால் வாய் அதை விட்டுவிட்டுத் தனியாகச் சிரிக்கப் பார்த்தது. "காது இருக்குதா இல்லியா உனக்கு? சரி, போடு அந்தப் பாட்டை. இன்னான்னு நானும் கேக்கறேன்."

மோனிகா இயர்போனில் ஒன்றை அவளிடம் கொடுத்தாள். ஆகாஷ் வேண்டாம் என்று கையை நீட்டினான். அவன் அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். முதல் தடவை, 'டிக்கெட்டோட' வந்த இடத்தில் அவள் நிமிர்ந்து மகனைப் பார்த்தாள். தறிகளுக்கு நடுவில் நடந்துகொண்டே, யாருக்கும் கேட்காது என்று அவள் கூடப் பாடியதை அவன் போனில் பிடித்துவைத்திருக்கிறான். நான் எங்கே பாடினேன், நான் இழை பார்த்துக்கொண்டிருந்தேன் என்றாள். அவளும் மறுக்கிறாளே என்று மோனிகாவுக்குச் சிரிப்பு வந்தது. சுலோச்சனா இன்னொரு தடவை போடச் சொன்னாள். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டாவது தரம் 'டிக்கெட்டோட' வர்ற எடத்துல நான் எறங்கிட்டேன். சுருதி போயிடுச்சு. இதையா ஊரு பூராக் கேக்க வுட்டே?"

"ஊரு பூரா இல்லம்மா. பதினோரு பேரு."

"பதினோரு பேருன்னா கம்மியா? நம்ம வூட்டுக்குப் பதினோரு பேரு வந்தா உக்கார எடம் இருக்குதா?" இயர்போனைக் கழற்றி மோனிகா கையில் வைத்தாள். "தப்பாப் பாடினதோட மூடிட்டுப் போவியா நைனா? அப்படியெல்லாம் முடியாது. சரி பண்ணிட்டு அப்புறம் மூடு, தொற, இன்னாவேணா பண்ணு."

வேதாசலத்துக்குப் போன் போனது. அவர் மொபெட்டில் வந்து நின்றார். லுங்கித் துணி மூட்டையை மடியிலிருந்து எடுக்கப் போனவர், மோனிகாவைப் பார்த்ததும் அப்படியே நிறுத்தினார்.

"இது எங்க மச்சான் வூட்டுதுங்க" என்றார். "ஆகாஷுக்கு இது இன்னான்னே தெரியாது."

ஆகாஷ் அதை வாங்கித் துணியைப் பிரித்து, அவர் எதிரிலேயே காதோடு வைத்துச் சுருதி சேர்த்தான். வேதாசலம் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அப்போ நிச்சயம் எப்போ என்று கேட்டார். கல்யாணம் எதுவும் இல்லை என்று கவிதா சொன்னாள். டீ காசு கேட்பார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஒன்றும் கேட்காமல் தறிக்கட்டின் வாசலில் ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சுலோச்சனா எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டாள். எல்லாத் தறியும் ஓடினால் குரல் அமுங்கும், மூன்றாவது மட்டும் ஓடட்டும் என்றாள். கூலி போய்விடுமே என்று ஆகாஷ் தயங்கினான். ஒரு பாட்டு நேரம் போனால் குடி முழுகாது என்று சொல்லிவிட்டு ஒவ்வொன்றாக நிறுத்தினாள். போனைத் தறிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்கிற வேலை மோனிகாவுக்கு. ஊடு நூலை இழுத்துக்கொண்டு நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுவதை அவள் முதல் தடவையாகக் கிட்டத்தில் பார்த்தாள். மனிதக் கை என்று நம்ப முடியவில்லை என்று எழுதியது சரியாகத்தான் இருந்தது.

முதல் தடவை பாடும்போது வாசலில் வேதாசலம் இருமிவிட்டார். இரண்டாவது தடவை இழை அறுந்தது. சுலோச்சனா முடிச்சுப் போடுகிற நேரத்தில், இன்னொரு நாள் நிஜமாகவே யாருக்காவது பெண் வீட்டு விசாரணைக்கு இந்தத் தெருவுக்கு வருவேன், அப்போதும் இப்படித்தான் மறைப்பீர்களா என்று கவிதா அவளைச் சீண்டினாள்.

"இவன் கிட்டார் வாசிப்பான், நான் கூடப் பாடுவேன். அதைத் தெரிஞ்சுக்கினு வர்றவ வரட்டும்" என்றாள் சுலோச்சனா, முடிச்சிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூன்றாவது தடவை நன்றாக வந்தது என்று ஆகாஷ் சொன்னான். மோனிகாவும் சொன்னாள். பாக்கு வெட்டுகிறவரும் எப்போது வந்தாரோ, வாசலில் நின்று தலையை ஆட்டினார். சுலோச்சனா போனை வாங்கிக் கேட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கி, அதை மோனிகாவிடமே திருப்பிக் கொடுத்தாள். பக்கத்தை மூடுவதைப் பற்றி யாரும் பேசவில்லை, அதற்கு நேரமும் இல்லை. வெளியே திருத்தணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. கவிதா மோனிகாவைப் பார்த்தாள். மோனிகா போனை நேராகப் பிடித்தபடி அசையாமல் நின்றாள்.

"இன்னொரு வாட்டி" என்றாள் சுலோச்சனா. "தறியைப் போடு."